தம்பி தேர்ந்தெடுத்த வண்டி

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறாய், நடக்கப் போகிறாய், தூக்கம் மட்டும் கொஞ்சம் குறைவு என்று உன் மனைவி சொல்லிவிட்டாள். அவள் வேறு சிலவற்றையும் சொன்னாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

தொலைபேசியில் பேசியிருக்கலாம். பேசினால் நீ நடுவில் சிரிப்பாய். இல்லாவிட்டால் "அக்கா, ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று குறுக்கே விழுவாய். கல்லூரியில் இயற்பியல் நடத்தியே காலம் தள்ளியவள் நான். எதிரில் இருப்பவர் வாயைத் திறக்காமல் இருக்க, ஒரு விஷயத்தை முதலிலிருந்து கடைசிவரை சொல்லி முடிப்பதில் உள்ள சுகம் எனக்குத் தெரியும். ஆகவே உட்கார்ந்து படி.

வீட்டுச் செய்திகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல மனம் இருக்காது. மாடிக் குழாயின் ஒழுகல் நின்றுவிட்டது. எதிர்வீட்டுக்காரர் ஒரு நாய் வாங்கியிருக்கிறார். அது அவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் வாலை ஆட்டுகிறது. என் காறை எலும்பு கூடிவிட்டது. இடது கையை உயரத் தூக்கினால் கழுத்தோரம் ஒரு சின்ன முறுமுறுப்பு, அவ்வளவுதான். "வயசுக்கு நல்லாவே சேர்ந்திருக்கு" என்றார் எலும்பு மருத்துவர். எலும்புக்கு வயது தெரியுமா என்று கேட்டேன். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

இனி நம் விஷயம்.

இந்த ஆசை எனக்கு எப்படி வந்தது என்பது உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ அதைக் கிழவியின் கிறுக்கு என்று எடுத்துக்கொண்டாய் என்று இப்போது புரிகிறது. நீர்த்தேக்கத்துக்குப் பின்னால் இருக்கும் மலைமுகட்டுக்கு மாதம் ஒரு முறையாவது நடந்து போய்க்கொண்டிருந்தவள் நான். முழங்கால்கள் இறக்கத்தில் மறுக்கத் தொடங்கின. ஏறிவிடுவேன், இறங்குவதற்குள் உயிர் போய்விடும். நடக்க முடியாத இடத்துக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போவோம் என்று நினைத்தேன். இதில் கிறுக்கு எங்கே இருக்கிறது? கல்லூரிக்கு ஸ்கூட்டரில் போய் வந்தவள்தானே. கியர் வண்டிக்கான உரிமத்தையும் எடுத்துவிட்டேன். மிச்சம் இருந்தது வண்டிதான்.

வண்டி என்றால் நம் குடும்பத்தில் உன்னைத்தான் கேட்பார்கள். காட்டுப் பாதைகளில் நீ ஓட்டாத பாதை இல்லை; உன் பட்டறையில் கை வைத்துப் பார்க்காத எஞ்சின் இல்லை. அதனால் என் தேவையை ஒரு மாணவி விடைத்தாள் எழுதுவது போல உனக்கு ஒழுங்காகச் சொன்னேன். வீட்டிலிருந்து நீர்த்தேக்கம்வரை தார்ச்சாலை. அதற்கு அப்பால் மண்பாதை. வண்டியை இன்னொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போக என்னிடம் ஆளும் இல்லை, லாரியும் இல்லை. ஆகவே சாலையில் சட்டப்படி ஓடக்கூடியதாக இருக்க வேண்டும்: பதிவு எண், முகப்பு விளக்கு, இண்டிகேட்டர், கண்ணாடி, ஹாரன் எல்லாம் வேண்டும். வனத்துறை வாயிலில் காகிதங்களைப் பார்க்காமல் உள்ளே விடமாட்டார்கள். ஓட்டப் போகிறவள் இந்தத் துறைக்குப் புதியவள். உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் கூட. எடை நாற்பத்தெட்டு கிலோ. இதற்கு எது சரியோ அதைச் சொல் என்றேன்.

நீ நேரில் வந்தாய். கடைக்கு என்னை அழைத்துப் போனாய். அங்கே வாசலுக்குப் பக்கத்திலேயே, குட்டையாக, ஒல்லியாக, வெட்டுக்கிளி மாதிரி ஒரு சின்ன வண்டி நின்றது. நான் அதன் மேல் கை வைத்தேன். "அதெல்லாம் பொம்மைக்கா, மேட்டுல திணறும்" என்று சொல்லி, உள்ளே தூரத்தில் நின்ற ஒரு நெட்டையன் வண்டியிடம் கூட்டிக்கொண்டு போனாய்.

முப்பத்தேழு அங்குல உயரத்தில் இருக்கை. ஏறுவதற்கே கால்மிதியை மிதித்துக் குதிரை ஏறுவதுபோல் ஏறினேன். உட்கார்ந்தபின் ஒரு பக்கம் கட்டைவிரல் தரையைத் தொட்டது. மறுபக்கம் அதுவும் இல்லை. "கால் எட்டலையே" என்றேன். அப்போது நீ சொன்னவை எனக்கு வரி மாறாமல் நினைவிருக்கின்றன. "உயரமா இருந்தாத்தான்க்கா கல்லுல அடி வாங்காது." "சஸ்பென்ஷன் நீளமா இருந்தாத்தான் பள்ளம் உனக்குத் தெரியாது." "பாதையில நின்னுக்கிட்டேதானே ஓட்டப் போற, அப்ப உயரம் ஒரு விஷயமே இல்ல." "ஆரம்பத்துல சின்னது வாங்கினா, ரெண்டே மாசத்துல மாத்தணும்னு தோணும்."

தம்பி, பின்னால் எல்லாவற்றையும் தேடிப் படித்துப் பார்த்துவிட்டேன். நீ சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. ஒரு பொய்கூட இல்லை. அங்கேதான் உன் கைவண்ணம் இருக்கிறது. நீ சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்: புதிதாகக் கற்பவள் ஓட்டுவதைவிட நிற்பதுதான் அதிகம். கல்லுக்கு முன்னால் யோசித்து நிற்பாள். மேட்டின் பாதியில் எஞ்சின் அணைந்து நிற்பாள். திரும்பும்போது தடுமாறி நிற்பாள். நிற்கும்போதெல்லாம் அவளுக்குத் தரை வேண்டும். இதைத் தெரியாதவன் நீ இல்லை. எத்தனை பேருக்கு வண்டி தேர்ந்து கொடுத்திருக்கிறாய்!

பணம் கட்டி முடித்ததும், "நீ உள்ள உக்காந்து டீ குடிக்கா, உன் எடைக்கு ஏத்த மாதிரி பின்னாடி ஸ்பிரிங்க செட் பண்ணிட்டு வர்றேன்" என்று போனாய். நான் டீ குடித்தேன். கடைக்காரரிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். "என் தம்பி, இதிலெல்லாம் புலி" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பிஸ்கட்டை என் பக்கம் தள்ளி வைத்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் அன்று எனக்கு எட்டவில்லை.

அதன்பிறகு நடந்ததை நீ தொலைபேசியில் தவணை முறையில் கேட்டுக்கொண்டிருந்தாய். காலி மைதானத்தில் வட்டம் போடும்போது விழுந்தேன். வீட்டு வாசலில், எஞ்சினைக்கூட முடுக்காமல், நின்ற நிலையில் விழுந்தேன். எதிர்வீட்டுக்காரர் வந்து தூக்கினார். அந்தக் கனத்தை என்னால் தனியாக நிமிர்த்த முடியாது என்று அன்றுதான் தெரிந்தது. புதியவர்களுக்கான சனிக்கிழமைக் குழுவில் சேர்ந்தேன். அங்கும் வாராவாரம் விழுந்தேன். கூட வந்தவர்கள் பாதை கற்றார்கள். நான் எழுந்திருக்கக் கற்றேன். ஒவ்வொரு முறையும் நீ கேட்டது ஒரே கேள்வி: "என்னக்கா, பயமா இருக்கா?" நான் இல்லை என்பேன். மறுமுனையில் ஒரு சின்ன மௌனம் வரும். உன் அக்காவின் துணிச்சலை நினைத்து வாயடைத்துப் போகிறாய் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தக் குழுவில் ஒரு பல் மருத்துவர் இருக்கிறாள். நாற்பது வயது, பேச்சிலும் பிடுங்குகிறவள். முதல் வாரமே வெடுக்கென்று கேட்டாள். "மேடம், உங்க காலு தரைக்கே வரல. விழாம என்ன செய்வீங்க? இந்த வண்டிய யாரு உங்க தலையில கட்டினது?" எனக்குச் சுருக்கென்றது. அவளுக்குச் சரியான பதிலடி கொடுத்தேன். நீ பல்லைப் பார், என் தம்பி வண்டியைப் பார்ப்பான் என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். கண்ணெதிரே இருந்த உண்மையைச் சொன்னவளை, உனக்காக நான் விரட்டினேன்.

நீரோடைப் படுகையில் நடந்தது உனக்குத் தெரியும். தெரிந்த அளவு மட்டும் தெரியும். வேகமாகப் போய் விழுந்தேன் என்று நம் உறவில் பேசிக்கொள்கிறார்களாம். நான் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் போன வண்டி கடக்கட்டும் என்று நிறுத்தினேன், காலை ஊன்றினேன், ஊன்றிய இடத்தில் காற்றுதான் இருந்தது. வண்டி சாய்ந்து என்னைக் கல்லின் மேல் வைத்து அமுக்கியது. காறை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பல் மருத்துவர்தான் வண்டியை இழுத்துப் போட்டு என்னை மருத்துவமனைக்குக் கொண்டு போனாள். வழி நெடுக அவள் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. பிடுங்கத் தெரிந்தவளுக்கு எங்கே பிடுங்கக் கூடாது என்றும் தெரிந்திருக்கிறது.

நீ மறுநாளே வந்துவிட்டாய். கட்டிலருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தாய். உன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பாசம் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு சுளையை என் கையில் வைத்து, "போதும்க்கா. வயசாச்சு. உடம்பு நாம சொல்றதக் கேக்காது" என்றாய்.

இந்தக் கடிதத்தில் நீ ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பாய் என்றால் இதைப் படி. விழுந்ததற்காக எழுதவில்லை நான். முறிந்த எலும்பு கூடிவிட்டது. நீ அந்தச் சுளையை நீட்டியபோது, என் உடம்புதான் குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னாயே, அதை நான் நம்பினேன். வீட்டுக்கு வந்தபின் படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்க ஆரம்பித்தேன். பால் பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கினேன். ஸ்கூட்டரை எடுக்காமல் கடைக்கு ஆட்டோவில் போனேன். கண்ணாடி முன் நின்று, ஆமாம், கதை முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னுடைய கால், என்னுடைய கை, என்னுடைய சமநிலை எல்லாவற்றின் மேலும் எனக்கு இருந்த நம்பிக்கையை நீ ஓர் ஆரஞ்சுப் பழம் உரிக்கிற நேரத்தில் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினாய். உண்மை உன் சட்டைப் பையில் இருந்தது.

கட்டு அவிழ்த்த வாரம், வண்டியை விற்கச் சொல்லலாம் என்று உனக்குத் தொலைபேசினேன். நீ பட்டறைக்குப் போயிருந்தாய்; உன் மனைவி எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு வந்த நிம்மதியை நீ கேட்டிருக்க வேண்டும். "அப்பாடா! விட்டுட்டீங்களா அண்ணி? நல்ல வேளை. அந்த ஸ்பிரிங்க இறுக்கிவிட்டு வந்ததுலேருந்து மனுஷன் சரியாவே தூங்கல. விழுந்துட்டீங்கன்னு தெரிஞ்சதும் 'நான்தான் தள்ளிவிட்டேன், நான்தான் தள்ளிவிட்டேன்'னு ஒரே புலம்பல். ஆஸ்பத்திரியில உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்னாரே?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. வகுப்பில் பயன்படுத்தும் பழைய தந்திரம் அது. பேசாமல் இருந்தால் மாணவர்கள் தாங்களாகவே மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள். உன் மனைவியும் கொட்டினாள். என் மகள் கடல் தாண்டி இருந்துகொண்டு உன்னை நச்சரித்தாளாம். "மாமா, நான் சொன்னா அம்மா கேக்க மாட்டாங்க, நீங்கதான் எப்படியாவது நிறுத்தணும்" என்றாளாம். நீ யோசித்தாயாம். உயரமான வண்டியைக் கொடுத்தால் ஒரு மாதத்தில் அலுத்துப்போய் அக்காவே விட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டாயாம். ஒரு மாதமா! என்னோடு பிறந்தவன், என்னைப் பற்றி இவ்வளவு தப்பாகக் கணக்குப் போட்டிருக்கிறாய்.

கடைசியில் உன் மனைவி கேட்டாள்: "நேரா சொல்லியிருந்தா மட்டும் நீங்க கேட்டிருப்பீங்களா அண்ணி?" நியாயமான கேள்வி. கேட்டிருக்க மாட்டேன். சண்டை போட்டிருப்பேன். ஒரு வாரம் உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன். அதன்பின் அந்த வெட்டுக்கிளியை வாங்கியிருப்பேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை. குழம்பு அடுப்பில் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, உங்கள் வீட்டில் எனக்கு உண்மை சொன்னவள் அவள் ஒருத்திதான், அதுவும் தெரியாமல்.

வைத்த கையோடு வண்டி நிற்கும் கொட்டகைக்குப் போனேன். விளக்கைப் பிடித்துக்கொண்டு இருக்கைக்கு அடியில் பார்த்தேன். திருகு வளையம் கடைசி மரைவரை இறங்கியிருந்தது; உன் சாவி பட்ட வெள்ளிக் கீறல்கள் இன்னும் பளபளவென்று இருந்தன. நூறு கிலோ ஆள் சாமானோடு உட்காருவதற்கான இறுக்கம் அது. நான் ஏறி உட்கார்ந்தால் வண்டி மரியாதைக்குக்கூடக் குனியாது. சுருள்வில்லின் நீட்சியைப் பற்றி எத்தனை தலைமுறைக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. மேசை மேல் இருந்த சுருள்வில்களையெல்லாம் அளந்தவள், நான் உட்கார்ந்த சுருள்வில்லை அளக்கவில்லை. நீ செட் பண்ணியதாயிற்றே, அதை யார் அளப்பார்கள்!

வளையத்தைத் தளர்த்தினேன். இருக்கை இரண்டு விரற்கடை இறங்கியது. அப்போதும் என் கால் எட்டவில்லை. இரண்டு விரற்கடை உன் கைவேலை. மீதி உயரம் உன் தேர்வு.

அடுத்த சனிக்கிழமை பல் மருத்துவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "முதல்ல ஏறுங்க மேடம், அழுகையெல்லாம் அப்புறம்" என்று தன் வண்டியின் சாவியை நீட்டினாள். நான் அழவில்லை, எழுதி வைத்துக்கொள். அவளுடையதும் அந்த வெட்டுக்கிளி ஜாதிதான். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. நீரோடையைக் கடந்தேன். மேட்டில் எஞ்சின் அணைந்தது. காலை ஊன்றி நின்றேன். மறுபடி முடுக்கி ஏறினேன். எந்த வித்தையும் இல்லை. என் உடம்பு முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. மேலே போய் இறங்கியதும் தலைக்கவசத்தைக் கழற்றிப் புல்லில் வீசினேன். களைப்பால் இல்லை, தம்பி. ஆத்திரத்தால்.

இப்போது என்னிடம் வேறு வண்டி இருக்கிறது. இந்த முறை யாரையும் கேட்கவில்லை. கடையில் இருந்த ஒவ்வொன்றின் மேலும் ஏறி உட்கார்ந்தேன். ஒவ்வொன்றையும் தரையில் படுக்கவைக்கச் சொல்லி நானே நிமிர்த்திப் பார்த்தேன். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். என்னால் தனியாகத் தூக்க முடிந்ததைத்தான் வாங்கினேன். சின்ன எஞ்சின், காற்றில் குளிர்வது, மெதுவாகப் போகும்போது இழுவை உள்ளது, கம்பிச் சக்கரம், முள் டயர். பதிவு எண் வந்துவிட்டது. நெடுஞ்சாலையில் லாரிகள் என்னைத் தாண்டிப் போகின்றன; போகட்டும். எஞ்சினுக்கு அடியில் கல் படாமல் இருக்க ஒரு தகடு, கைப்பிடிக்குக் காப்பு, அவ்வளவுதான் மேலதிகம். ஸ்பிரிங்கை நானே வைத்தேன்.

நீ கொடுத்த நெட்டையனை விற்றுவிட்டேன். வாங்கிய ஆளுக்கு ஆறடி உயரம். உட்கார்ந்ததும் வண்டிக்கும் அவனுக்கும் பிறந்த நாளிலிருந்தே பழக்கம் போல இருந்தது. வண்டியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது தன்னை மறைக்கவில்லை.

என் மகளுக்கு ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. அது இதைவிடச் சின்னக் கடிதம். பிள்ளைகள் பெற்றவர்களைப் பொட்டலம் கட்டி அலமாரியில் வைக்கப் பார்ப்பார்கள்; அது நான் எதிர்பார்த்ததுதான். அவள் பயந்தாள், பயந்ததைப் பயந்தபடியே உன்னிடம் சொன்னாள். உனக்கு என்ன வந்தது? என்னிடம் "வேண்டாம்" என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அதனால் ஓர் இயந்திரத்தைக் கூப்பிட்டு, அதைச் சொல்லவைத்தாய். அது தனக்குத் தெரிந்த மொழியில் சொன்னது.

நான் பயந்துவிடுவேன் என்று நினைத்தாய். பயப்படுவதற்கு முன்னால் செத்துப்போயிருக்கலாம் என்பது உன் கணக்கில் வரவில்லை. அந்தக் கல் இன்னும் ஒரு சாண் மேலே இருந்திருந்தால், நீ ஆரஞ்சு வாங்க வேண்டிய தேவையே இருந்திருக்காது. இதை நீயும் யோசித்திருப்பாய். தூக்கம் வராததன் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். வராமல் இருப்பதே நியாயம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதியும்விட்டேன். ஆனாலும் நீ தூங்குவதில்லை என்று உன் மனைவி சொன்னபோது, உன் ரத்த அழுத்த மாத்திரையைக் காலையில் போடுகிறாயா இரவிலா என்று கேட்க நினைத்தேன், கோபத்தில் மறந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மலைமுகட்டுக்குப் போகிறேன். பல் மருத்துவர் வருகிறாள். உன்னை அழைக்கவில்லை. போய்ச் சேர்ந்தேனா என்று அவளிடமோ என் மகளிடமோ துப்புக் கேட்காதே. என்னைக் கேள்.

நீ மன்னிப்புக் கேட்டு நாலு பக்கம் எழுத வேண்டாம். உனக்கு எழுத்தும் வராது, எனக்குப் படிக்கப் பொறுமையும் இல்லை. கடையில் எனக்கு எதிரே நின்றாயே, அன்று சொல்லியிருக்க வேண்டிய ஒரு வரி இருந்தது: நீ விழுந்துடுவியோன்னு எனக்குப் பயமா இருக்குக்கா. அந்த ஒரு வரியை உன் கையால் எழுதி அனுப்பு. நான் அதற்குக் கீழ்ப்படியப் போவதில்லை. ஆனால் எனக்கு அது வேண்டும்.

நீடூழி வாழ்க. அதற்கு முன்னால், இந்த வாரத்துக்குள், பதில் போடு.

இப்படிக்கு,
கோபம் தணியாத உன் அக்கா